தொட்டில் வருமுன் வாகனம் வரவேண்டுமா?

(இளங்குடும்பங்களுக்கென எமது பள்ளிவாசல் மண்டபத்தில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

எமக்குத் தரப்பட்ட தலைப்பைத் தலைவர் அவர்கள் அறிவித்தபோது சிலர் புன்னகைத்ததைக் கண்டோம். பள்ளிவாசல் மண்டபத்தில் வாகனக் குத்தகையைப் பற்றி ஓர் உரையா என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் கடந்த ஓராண்டுக்குள் எம்மிடம் ஆலோசனை கேட்டு வந்த இளம் கணவர்களுள் பெரும்பாலானோர் கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான். "பிள்ளை கிடைக்கவிருக்கிறது. அதற்கு முன் லீசிங்கில் ஒரு சிறிய கார் எடுப்போமா?"

இக்கேள்வி இப்போது பெருகியிருப்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின்னர் 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. விற்பனை நிலையங்கள் நிரம்பின. பிற்போட்டு வைத்திருந்த ஆசைகள் யாவும் ஒரே நேரத்தில் கண்விழித்தன. ஆகவே இதைக் குடும்பத்தின் நடுவே வைத்துப் பேசவேண்டிய வேளை இதுதான் எனக் கருதுகிறோம்.

நாம் பொருளியல் கற்றவரல்லர். இத்துறையில் எமக்குள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான். அது, எமது வீட்டிலேயே நாம் செய்த பிழை. அதிலிருந்தே தொடங்குகிறோம்.

எமது வீட்டில் நடந்தது

2021ஆம் ஆண்டின் இறுதி. எமது மருமகள் கர்ப்பமுற்றிருந்தார். மகன் ஒரு தனியார் வியாபார நிலையத்தில் கணக்கு எழுதுபவர். மருமகள் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. மகனிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அவர்களாக வாகனம் வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டவர் நாம்தான்.

"பிள்ளை பிறக்கும் வீட்டு வாசலில் ஒரு வாகனம் நிற்கவேண்டாமா, மகன்? நடுச்சாமத்தில் நோவு கண்டால் மருமகளை மோட்டார் சைக்கிளிலா ஏற்றிப்போவீர்கள்?" என்று கேட்டோம்.

"வாப்பா, இப்போது வாகன விலை மிகவும் கூடிப்போயிருக்கிறது. கொஞ்சம் பொறுப்போமே" என்றார் மகன்.

அவர் கூறியது உண்மை. இறக்குமதி நின்றிருந்ததால், பலர் தாம் வாங்கிய விலையைவிடக் கூடுதலான விலைக்குப் பழைய வாகனங்களை விற்றுக்கொண்டிருந்த காலம் அது. நாமோ அதையே மறுபக்கமாகத் திருப்பிச் சொன்னோம். "இன்று எடுத்தால் நாளை இன்னும் விலையேறும், நட்டம் வராது" என்றோம். சம்பந்தி வீட்டார் முன்னிலையில் எமது கௌரவம் என்ன ஆவது என்ற எண்ணமும் உள்ளே இருந்தது. அதை அன்று நாம் ஒப்புக்கொள்ளவில்லை. இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்கிறோம்.

மகன் எம் சொல்லைத் தட்டவில்லை. சேமிப்பு முழுவதையும் முற்பணமாகக் கட்டி, மீதியை ஐந்தாண்டுக் குத்தகையாகப் பெற்று, ஒரு பழைய சிறிய கார் எடுத்தார். எமது இளைய சகோதரர் பிணையாளியாகக் கையொப்பமிட்டார். கார் வாசலில் நின்றது. நாம் மகிழ்ந்தோம்.

2022ஆம் ஆண்டு இந்நாட்டில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எரிபொருள் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டன. ஜூன் மாத இறுதியிலிருந்து ஜூலை 10ஆம் திகதி வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என அரசாங்கம் அறிவித்தது. எமது பேரப்பிள்ளை பிறந்தது அந்த இரண்டு வாரங்களுக்குள்ளேதான்.

இரவு ஒரு மணிக்கு மருமகளுக்கு நோவு கண்டது. கார் வாசலில் நின்றது. தாங்கியில் பெற்றோல் இல்லை. மகன் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தார். சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வந்தது. மருமகளைப் பேராதனை போதனா வைத்தியசாலைக்கு அது கொண்டு சேர்த்தது. ஒரு சதமும் கேட்கவில்லை. எந்த ஓர் இரவுக்காக அக்காரை எடுத்தோமோ, அந்த இரவில் அது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் அதன் தவணைக்கான திகதி.

இதைக் கேட்டு, அது நாடு முழுவதற்கும் வந்த சோதனைதானே, எல்லா ஆண்டும் 2022 ஆகுமா என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினா. பெற்றோல் இல்லாமற்போனது எமது பிழையன்று. எமது பிழை வேறு. வருமானம் இப்படியே இருக்கும், விலை ஏறிக்கொண்டே போகும், ஐந்தாண்டுகள் யாவும் இன்றையநாள் போலவே கழியும் என்று எடுத்துக்கொண்டு, ஐந்தாண்டு வாக்குறுதி ஒன்றைக் கொடுக்கச் செய்தோமே, அதுதான் பிழை.

குத்தகை என்பது என்ன?

எமது நாட்டில் 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் இவ்வியாபாரம் நடைபெறுகிறது. நாம் சாதாரணமாக "கார் வாங்கிவிட்டோம்" என்கிறோம். வாகனத்தின் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அறுதி உரிமையாளர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடைசித் தவணை முடியும்வரை நாம் அதைப் பயன்படுத்துபவர் மாத்திரமே. தவணைகள் தவறினால், மக்கள் 'சீஸ்' என்று சொல்லும் அந்த நாள் வரும். வாசலில் நின்ற வாகனத்தை அயலவர் பார்த்திருக்க எடுத்துச் செல்வர்.

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். இவை உதாரணத்துக்காக நாம் எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் கையிலுள்ள தாளின் தொகைகளை இவற்றுக்குப் பதிலாக இட்டுப் பாருங்கள்.

காரின் விலை 40 இலட்சம் ரூபா. முற்பணம் 16 இலட்சம். குத்தகைத் தொகை 24 இலட்சம். ஆண்டுக்கு 14 வீதம், 60 மாதங்கள். மாதத் தவணை ஏறத்தாழ 55,850 ரூபா. ஐந்தாண்டு முடிவில் கட்டிய மொத்தம் 33 இலட்சத்து 50 ஆயிரம். அதாவது 24 இலட்சத்துக்கு மேலதிகமாக ஒன்பதரை இலட்சம்.

இதில் அநேகர் கவனியாத ஒரு விடயம் முதலாம் ஆண்டில் இருக்கிறது. முதல் 12 மாதங்களில் நீங்கள் கட்டுவது 6 இலட்சத்து 70 ஆயிரம். ஆனால் அதில் முதலிலிருந்து கழிவது ஏறத்தாழ 3 இலட்சத்து 56 ஆயிரம் மாத்திரமே. எஞ்சிய 3 இலட்சத்துச் சொச்சமும் கட்டணமாகப் போய்விடும். ஓராண்டு முடிந்தும் 20 இலட்சத்துக்கு மேல் மீதி நிற்கும். பிள்ளைக்கு ஒரு வயதாகும்போது கஷ்டம் வந்து காரை விற்க நேர்ந்தால், விற்ற பணத்தில் முதலில் இந்த மீதியை அடைக்கவேண்டும். முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் இருந்தால் அதையும் கொடுக்கவேண்டும். எஞ்சுவதே உங்களுடையது.

இன்னுமொன்று. சில இடங்களில் "வெறும் 9 வீதம்தான்" என்பார்கள். அது குறைந்து செல்லும் மீதியின் மீதா, அல்லது தொடக்கத் தொகையின் மீது ஐந்தாண்டுக்கும் மாறாமல் கணக்கிடப்படுவதா என்று கேளுங்கள். பின்னையதாயின், 24 இலட்சத்துக்கு ஆண்டுதோறும் 2 இலட்சத்து 16 ஆயிரம். ஐந்தாண்டுக்கு 10 இலட்சத்து 80 ஆயிரம். மாதத் தவணை 58,000 ரூபா. 9 வீதம் என்று காதில் விழுந்தது, குறைந்து செல்லும் மீதியின்படி பார்த்தால் ஏறத்தாழ 15.7 வீதமாகும். 14 வீதத்தைவிட இதுவே அதிகம். ஆகவே வீதத்தைக் கேட்டு மயங்காதீர்கள். "60 மாதமும் கட்டி முடித்தால் மொத்தம் எவ்வளவு?" என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். அதற்குரிய பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

தவணை மாத்திரமே செலவு என்றும் எண்ணவேண்டாம். குத்தகை வாகனத்துக்கு முழுக் காப்புறுதி செய்யவேண்டும். ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம். அதன்மேல் எண்ணெய் மாற்றுதல், டயர், பற்றரி, பெற்றோல். இவற்றுக்கெல்லாம் மாதம் 32,000 ரூபா என வைத்தால், தவணையுடன் சேர்த்து 88,000 ரூபா அளவில் வரும். வீட்டிலிருந்து கிளினிக்குக்குச் சென்று திரும்ப முச்சக்கரவண்டிக்கு 1,500 ரூபா எனக் கொள்வோம். அந்த 88,000 ரூபாவுக்கு 58 தடவைகள் போய்வரலாம். மாதத்துக்கு நாட்கள் முப்பதுதான்.

பிள்ளைக்கு உண்மையில் எத்தனை பயணம்?

பிள்ளை வந்தால் நாளும் ஓடவேண்டியிருக்கும் என்பது எமது அச்சம். அச்சத்தைக் கணக்காக மாற்றிப் பார்ப்போம்.

எமது நாட்டின் தடுப்பூசி அட்டவணைப்படி, பிறந்தவுடன் வைத்தியசாலையிலேயே பி.சி.ஜி. ஏற்றப்படுகிறது. அதன்பின் முதலாம் ஆண்டில் 2, 4, 6, 9, 12 ஆகிய மாதங்களில் தடுப்பூசிக்காகச் செல்லவேண்டும். இதனுடன் நிறை பார்க்கும் கிளினிக்கும் சேரும். அதுவும் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே நடப்பது. பிரசவத்தின் பின்னர் தாயையும் சேயையும் பார்க்கக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கே வருகிறார். நாம் மருத்துவிச்சி என்று அழைக்கும் அந்தச் சகோதரிகளின் சேவையை இந்நாட்டின் பெருஞ்செல்வம் என்றே சொல்லவேண்டும்.

அவசர வேளைக்கு 1990 சுவசெரிய இருக்கிறது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அச்சேவை பின்னர் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. கட்டணம் கிடையாது. இதனை அறியாத வீடுகள் எமது ஜமாஅத்தில் இன்னும் இருக்கின்றன. அந்த இலக்கத்தைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அத்துடன், இரவில் அழைத்தால் வரக்கூடிய இரண்டு முச்சக்கரவண்டிச் சகோதரர்களின் இலக்கங்களையும் எழுதுங்கள். எட்டாம் மாதத்திலேயே அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

இவ்வாறு சொல்வதால் வாகனத்தால் நன்மையே இல்லை என்று நாம் கூறவில்லை. கைக்குழந்தையுடன் தாயை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்வது ஆபத்தானது. அறுவைச் சிகிச்சை மூலம் பிரசவித்த தாய்க்குக் குண்டும் குழியுமான பாதையில் முச்சக்கரவண்டிப் பயணம் வேதனை. மழைக்காலத்தில் எமது மலைப்பாதைகளின் நிலையை நீங்கள் அறிவீர்கள். ஆனால் கார் எடுத்தால் மட்டும் பிள்ளைக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. முன் ஆசனத்தில் தாயின் மடியில் வைத்துக்கொண்டு செல்லும் பிள்ளை, காருக்குள் இருந்தாலும் பாதுகாப்பாக இல்லை. குழந்தைக்குரிய ஆசனத்தைப் பின் இருக்கையில், பின்புறம் நோக்கியவாறு பொருத்தவேண்டும். காற்றுப்பை இயங்கும் முன் இருக்கையில் அவ்வாசனத்தை ஒருபோதும் வைக்கலாகாது. கார் எடுப்பதாயின் அந்த ஆசனத்தின் விலையையும் முதல் நாளே கணக்கில் சேருங்கள்.

குறையும் வருமானம், வளரும் செலவு

தவணையை எந்த மாதத்து வருமானத்தைக் கொண்டு மதிப்பிடுவது? இதில்தான் நாம் தவறினோம். மகனும் மருமகளும் இருவரும் முழுச் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்த மாதத்தைப் பார்த்து "தாங்கும்" என்றோம்.

அரச சேவையிலுள்ள தாய்க்கு 84 நாட்கள் முழுச் சம்பளத்துடன் பிரசவ விடுமுறை கிடைக்கிறது. பிள்ளையுடன் மேலும் இருக்க விரும்பினால் அடுத்த 84 நாட்கள் அரைச் சம்பளம். அதற்கும் மேல் 84 நாட்கள் சம்பளமற்ற விடுமுறை. பிள்ளைக்குத் தாய் மிகவும் தேவைப்படும் மாதங்களில்தான் வருமானம் இறங்குகிறது. அதே மாதங்களில் செலவு ஏறுகிறது. தவணை மட்டும் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அது எவருடைய முகத்தையும் பார்ப்பதில்லை.

எமது மருமகள் அரைச் சம்பள விடுமுறையில் இருந்தார். மகன் வேலை செய்த நிலையத்தில் வியாபாரம் படுத்து, சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள். ஆயினும் தவணை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. எப்படி என்று நாம் கேட்கவில்லை. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்த ஒரு நாள், மருமகளின் கைகள் வெறுமையாக இருப்பதைக் கண்டோம். மணநாளில் அவருடைய உம்மா போட்டனுப்பிய காப்புகள் இல்லை.

"காப்பு எங்கே, மகள்?" என்றோம்.

"பிள்ளையின் மேனியில் கீறும் என்று கழற்றி வைத்தேன், மாமா" என்றார்.

அவை விற்கப்பட்டு நான்கு தவணைகளாகிவிட்டன என்பதைப் பின்னர் மகன் சொல்லி அறிந்தோம். அந்தப் பிள்ளை, எமது மனம் நோகக்கூடாதென்று, எம்மிடம் அப்படிச் சொன்னார். சம்பளமற்ற விடுமுறை எடுக்க விரும்பியிருந்தும், அரைச் சம்பளம் முடிந்தவுடனே பாடசாலைக்குத் திரும்பினார். 2023 பெப்ரவரியில் அவர்கள் காரை விற்றுக் குத்தகையை முடித்தனர். சேமிப்பிலிருந்து கொடுத்த முற்பணத்தில் பாதிகூடக் கைக்கு வரவில்லை.

பிணை நிற்பவரையும் நினையுங்கள்

குத்தகையில் கையொப்பமிடுபவர் ஒருவரல்லர். பிணையாளிகளும் இடுகின்றனர். தவணை தவறினால் அவர்களையும் நிறுவனம் அழைக்கும், அவர்களும் பொறுப்பாளிகள். கடன் தகவல் பணியகத்தில் பதிவாகும் தவறு, பின்னர் வீடு கட்டவோ தொழில் தொடங்கவோ வங்கிக்குச் செல்லும்போது முன்னே வந்து நிற்கும்.

எமது சகோதரருக்கு இரு தடவைகள் தொலைபேசி அழைப்பு வந்தது. இரண்டு தவணைகள் பத்து நாட்கள் பிந்தியதற்காக. அவர் எம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நெடுநாட்களாக ஒரே வரிசையில் தொழுத நாம், அக்காலத்தில் அவர் நிற்கும் வரிசையைத் தவிர்த்து வேறு வரிசையில் நின்றோம். வெட்கம் அப்படிச் செய்வித்தது. ஒரு கையொப்பம் இரு சகோதரர்களுக்கிடையே இவ்வளவு தூரத்தை உண்டாக்கும் என்று அன்று நாம் எண்ணியிருக்கவில்லை. பிணை கேட்பவர், தமது வருமானத்தையும் செலவையும் எழுதிய தாளைப் பிணையாளியின் முன் வைத்துவிட்டுக் கேட்கட்டும். பிணை நிற்பவரும் வெட்கப்படாமல் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.

பெயரைப் பாராமல் ஒப்பந்தத்தைப் பாருங்கள்

வட்டியைப் பற்றிக் கேட்காமல் இவ்வுரையை முடிக்கவிடமாட்டீர்கள் என்பதை அறிவோம். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எமது இடமன்று. அதற்குரிய ஆலிம்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். நடைமுறையை மட்டும் சொல்கிறோம். 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தத்தின் பின்னர், வட்டியற்ற முறையிலான சேவைகளுக்கு இந்நாட்டில் சட்டபூர்வமான வழி உண்டானது. இஜாரா என்ற பெயரில் வாகனக் குத்தகை கிடைக்கிறது.

ஆனால் பெயர்ப்பலகை போதாது. இஜாராவில் நான்கு விடயங்களைக் கேளுங்கள். வாகனத்தை நிறுவனம் முதலில் தனது உடைமையாக்கிக்கொண்டதன் பின்னரா எமக்கு வாடகைக்குத் தருகிறது? எமது தவறின்றி வாகனம் முற்றாக அழிந்தால் வாடகை நின்றுவிடுமா? தவணை பிந்தினால் அறவிடும் தொகை நிறுவனத்தின் இலாபத்தில் சேருமா, தர்மத்துக்குச் செல்லுமா? முடிவில் உரிமையை எமக்கு மாற்றித் தருவதற்குத் தனியான ஆவணம் உண்டா? இவற்றுக்கான பதில்களை ஆலிம் ஒருவரிடம் காட்டி முடிவு செய்யுங்கள்.

அத்துடன் ஒன்றை மறவாதீர்கள். ஒப்பந்தம் ஆகுமானது என்பதால் மட்டும் அது எமது சம்பளத்துக்குத் தாங்கக்கூடியதாகிவிடாது. ஆகுமானதா என்பது ஒரு கேள்வி. ஆகுமா என்பது மற்றொரு கேள்வி. இரண்டுக்கும் விடை வேண்டும். எந்த முறையில் எடுத்தாலும், நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று பாருங்கள். முற்பணம் எவ்வளவு கட்டவேண்டும் என்பதை நிர்ணயிக்கும் மத்திய வங்கியின் வரம்புகள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. அன்றைய நிலையைக் கேட்டறியுங்கள். முறைப்பாடு இருந்தால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்தில் தெரிவிக்கலாம்.

அப்படியாயின் எவர் எடுக்கலாம்?

எடுக்கவே வேண்டாம் என்று சொல்வதற்கு நாம் இங்கே வரவில்லை. முச்சக்கரவண்டியும் ஏறமறுக்கும் உயரத்தில் வீடு உள்ளவர், தொடர்ந்து சிகிச்சை தேவைப்படும் பிள்ளையோ முதியவரோ வீட்டில் உள்ளவர், கணவன் மனைவி இருவரும் தொலைவில் வேலைசெய்து இடையில் பிள்ளையை ஓரிடத்தில் விட்டுச் செல்லவேண்டியவர், வாகனத்தைத் தமது தொழிலுக்கும் பயன்படுத்தி அதிலிருந்தே ஒரு பகுதியை ஈட்டக்கூடியவர் - இவர்களுக்கு வாகனம் ஆடம்பரமன்று.

அவர்களுக்கும் ஏனையோருக்கும் நாம் சொல்லும் வழி ஒன்றே. கையொப்பமிடுமுன் ஆறு மாதங்கள் அந்தக் காரை எடுத்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். தவணை, காப்புறுதி, எரிபொருள், பராமரிப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்து எமது உதாரணத்தில் 88,000 ரூபா வந்ததல்லவா? அதை மாதத்தின் முதலாம் நாளிலேயே தனிக் கணக்கில் இடுங்கள். கடன் வாங்காமல், நகையில் கைவைக்காமல், பெற்றோருக்குக் கொடுப்பதைக் குறைக்காமல் இடவேண்டும். மனைவி வேலைக்குச் செல்பவராயின், அவருடைய சம்பளத்தைப் பாதியாகக் கணக்கிட்டு இடவேண்டும்.

ஆறு மாதமும் இட முடிந்தால், அந்தக் குடும்பம் தாங்கும். கையில் 5 இலட்சத்து 28 ஆயிரம் ரூபா இருக்கும். முற்பணத்தைக் கூட்டலாம், குத்தகைத் தொகையைக் குறைக்கலாம். மூன்றாம் மாதத்திலேயே இட முடியாமற் போனால், எவரும் வாசலுக்கு வந்து எதையும் எடுத்துச் செல்லப்போவதில்லை. பிணையாளியை எவரும் அழைக்கப்போவதில்லை. சேர்ந்த பணம் பிரசவச் செலவுக்கும் பிள்ளையின் முதல் மாதங்களுக்கும் இருக்கும். தோற்றாலும் நட்டமில்லாத பரீட்சை இது. கர்ப்ப காலம் இதற்குப் போதிய அவகாசத்தைத் தருகிறது.

இன்னொரு விடயம். இம்முடிவைக் கணவர் மட்டும் எடுக்கலாகாது. தாயாகப் போகிறவரிடம் கேளுங்கள். அவர் கேட்பது காரையா, அல்லது இரவில் உதவிக்கு ஓர் ஆளையா, அல்லது கூடுதலாக மூன்று மாதங்கள் பிள்ளையுடன் இருப்பதையா? எமது வீட்டில் அதை எவரும் மருமகளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "எனக்குக் கார் வேண்டாம், விடுமுறை வேண்டும்" என்று சொல்லியிருப்பேன் என அவர் பிற்பாடு சொன்னார். காரின் தவணையாகச் சென்றது அவருடைய விடுமுறைதான்.

பெரியோருக்கு ஒரு வார்த்தை

இறுதியாக, எம் வயதொத்த பெரியோருக்கு. "வாசலில் வாகனம் நிற்கவேண்டாமா?" என்று இனிமேல் எவரிடமும் கேட்காதிருப்போம். நாமும் எமது சகோதரர்களும் பிறந்தபோது எந்த வாசலிலும் வாகனம் நிற்கவில்லை. அயலவர் ஒருவர் மாட்டு வண்டியைப் பூட்டினார். இன்னொருவர் அரிக்கன் இலாம்பைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார் என்று எமது உம்மா சொல்வார். அந்த அயலவர்களின் இடத்தில் இன்று நாம் இருக்கிறோம். எமது ஜமாஅத்தில் வாகனமுள்ள வீடுகள் பல. ஒன்பதாம் மாதத்தில் இருக்கும் சகோதரியின் வீட்டுக்கு, "இரவில் எந்நேரமும் கதவைத் தட்டுங்கள்" என்று ஒரு வாகனக்காரர் சொல்லிவைத்தால், ஓர் இளங்குடும்பம் அச்சத்தின் காரணமாக ஐந்தாண்டுச் சுமையை ஏற்கவேண்டிய தேவை இராது. இதற்கு நிதியும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம்.

அன்று விற்ற காப்புகளுக்கு ஈடாகப் புதிய காப்புகளை வாங்கிக் கொடுக்க நாம் முயன்றோம். மருமகள் மறுத்துவிட்டார். "பிள்ளையின் பேரில் கணக்கில் போடுங்கள், மாமா" என்றார். மாதந்தோறும் போட்டு வருகிறோம். எமது பேரப்பிள்ளை இப்போது ஓடித் திரிகிறார். வாசலில் அதே பழைய மோட்டார் சைக்கிள்தான் நிற்கிறது. தூரப் பயணம் வந்தால் மகன் வாடகைக்கு ஒரு வாகனம் பேசிக்கொள்கிறார். வெள்ளிக்கிழமைகளில் நாமும் எமது சகோதரரும் மீண்டும் ஒரே வரிசையில் நிற்கிறோம்.